வளர்ச்சி ஒழுங்கி: சொல் விளக்கம்

மிகக் குறைந்த அளவில் கொடுத்தாலே பயிரின் வளர்ச்சிப் போக்கை மாற்றிவிடும் பொருள் வளர்ச்சி ஒழுங்கி. உரம் வேறு, இது வேறு. உரக்கடைகளில் இதை 'வளர்ச்சி ஊக்கி' என்றே கேட்டு வாங்குகிறோம். அந்தப் பெயர் பாதியைத்தான் சொல்கிறது.

செடி தனக்குள்ளேயே உண்டாக்கும் வளர்ச்சி ஒழுங்கிக்கு ஹார்மோன் என்று பெயர். அந்தச் சொல்லை 1905இல் இங்கிலாந்து உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அறிமுகப்படுத்தினார். அதன் கிரேக்க வேருக்குத் தூண்டிவிடுதல் என்று பொருள். ஆக, ஹார்மோனுக்கு 'ஊக்கி' நல்ல தமிழ்தான். ஆக்சின் என்ற செடி ஹார்மோனின் பெயர்வேரும் 'வளர்' என்றே சொல்கிறது. பருத்தியில் சப்பையும் (பூமொட்டும்) பிஞ்சும் உதிராமலிருக்கத் தெளிக்கும் நாஃப்தலின் அசிட்டிக் அமிலம் (பிளானோஃபிக்ஸ்) ஆக்சின் வகைதான்.

வறட்சி என்று வரும்போதுதான் 'ஊக்கி' என்ற பெயர் இடறுகிறது. 1960களில் கலிபோர்னியாவில் ஃபிரெடெரிக் அடிகாட் குழுவினர் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தபோது ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உதிர்வைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து அதற்கு அப்சிசிக் அமிலம் என்று பெயர் அமைந்தது. இலை உதிர்வதில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனின் பங்குதான் பெரிது என்பது அப்புறம் தெளிவானது. அப்சிசிக் அமிலத்தின் முக்கியமான வேலை வேறு. மண் காயும்போது செடிக்குள் பெருகி இலைத்துளைகளை மூடவைக்கும். நீரிழப்பு குறையும், வளர்ச்சியும் மட்டுப்படும். செடி தன்னைக் காத்துக்கொள்ள வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. இதை எப்படி ஊக்கி என்பது?

கடையில் கிடைப்பவற்றிலும் இதே கதைதான். மாமரத்தின் வேர்ப்பகுதியில் ஊற்றும் பேக்லோபியூட்ரசால் (கல்டார்), பருத்திக்குத் தெளிக்கும் குளோர்மெக்வாட் (சைகோசெல்), மெபிக்வாட் குளோரைடு மூன்றும் தண்டை நீளவைக்கும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் உருவாவதைத் தடுத்துத் தண்டு நீளாமல் பார்த்துக்கொள்பவை. பேக்லோபியூட்ரசால் அப்சிசிக் அமிலம் சிதைவதையும் தாமதப்படுத்தும். எலுமிச்சை, மா போன்ற பயிர்களுக்கு வறட்சியைத் தாங்கும் திறனை இது கூட்டக்கூடும் என்று எதிர்பார்க்க அதுவும் ஒரு காரணம். ஆனால் மண்ணில் நெடுநாள் தங்கும் பொருள் இது. ஊக்கி என்று நம்பி அளவைக் கூட்டினால் மரம் குறுகி நின்றுவிடும்.

வளர்ச்சி ஒழுங்கிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ரெகுலேட்டர்' என்பதன் லத்தீன் வேருக்கு அளவுகோல், விதி என்று பொருள். கூட்டுவது, குறைப்பது இரண்டும் அதற்குள் அடங்கும். தமிழில் 'ஒழுங்குபடுத்தி', 'சீராக்கி' என்றும் எழுதுகிறார்கள், பொருளில் தவறில்லை. நான் 'ஒழுங்கி' என்பதையே விரும்புகிறேன். சொல்லச் சின்னது, 'ஊக்கி' போலவே அமைந்தது. ஊக்கி, தடுப்பி இரண்டையும் அதன் உட்பிரிவுகளாக வைத்துக்கொள்ளலாம். புட்டியின் மேல் அந்த உட்பிரிவையும் அச்சிட்டால், வாங்குபவருக்குக் கையிலிருப்பது எந்த வகை என்று தெரியும்.