பேட்டரி வண்டியை விமானத்தில் ஏற்றும் முன்

மார்த்தாண்டத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு போன். "சாரே, வண்டிக்கு ஒரு அனக்கமும் இல்ல, பிளேன்ல ஏத்தி மோட்டாரைக் கெடுத்துட்டானுவ." தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். வண்டி என்றது அவருடைய பேட்டரி சக்கர நாற்காலியை. ஷார்ஜாவில் மகளைப் பார்த்துவிட்டு, அன்றைக்குத்தான் திருவனந்தபுரத்தில் இறங்கி களியக்காவிளை வழியாக வீடு வந்திருக்கிறார்.

காலையில் போய்ப் பார்த்தேன். பின்சக்கரங்கள் பக்கம், மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் இரண்டு சிவப்பு லீவர், இரண்டும் கையால் தள்ளும் நிலையிலேயே கிடந்தன. அழுத்தினேன், டக்கென்று விழுந்தது, வண்டி ஓடியது. மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் வண்டியை ஓட்டும் ஜாய்ஸ்டிக்கின் தண்டு வளைந்திருந்தது. வண்டியைத் தூக்கிய யாரோ அதைக் கைப்பிடி என்று நினைத்திருக்கிறார்கள்.

அவர்களைத் திட்டி என்ன பயன்? கவுண்டரில் நாம் விளக்கிச் சொல்வது எதுவும் கீழே லோடு ஏற்றுகிறவர் காதுக்குப் போவதில்லை. அதனால் இப்போது யார் கிளம்பினாலும் ஒரு தாள் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, வண்டியின் முதுகில் கட்டிவிடுகிறேன். மேலே கொட்டை எழுத்தில் மலையாளம், கீழே இங்கிலீஷ்: வண்டி எத்தனை கிலோ, எங்கே பிடித்துத் தூக்கலாம், எங்கே கூடாது, லீவர் எது. லீவரை செல்போனில் படமெடுத்து அம்புக்குறி போட்டு ஒட்டிவிட்டால் ஷார்ஜாவில் இறக்குகிறவருக்கும் புரியும். ஜாய்ஸ்டிக் கழன்றால் கழற்றிக் கைப்பையில் வையுங்கள், கழலாவிட்டால் குமிழ் பிளாஸ்டிக்கைச் சுற்றி ஒட்டுங்கள்.

அடுத்து பேட்டரி. ஜெல் பேட்டரி என்றால் பெரும்பாலும் வண்டியிலேயே போகும், முனைகள் உரசாமல் மூடியிருந்தால் போதும். மடக்கு வண்டியில் கழலும் லித்தியம் பேட்டரிதான் தலைவலி. அதைக் கழற்றிக் கையோடு கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். ஒன்று என்றால் 300 வாட்-அவர் (பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு) வரைக்கும், இரண்டு என்றால் தலா 160. கணக்கு சுலபம்: லேபிளில் இருக்கும் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 24 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் என்றால் 288, தப்பித்தீர்கள். அதே 24-ல் 20 என்றால் 480, மாட்டினீர்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை மட்டும் கேட்டு வண்டி வாங்குகிறோமே, அங்கேதான் தப்பு நடக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ விதிப்படி 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், வண்டிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. போனில் சொன்னாலும் மெயிலும் அனுப்புங்கள்: பேட்டரி வகை, எடை, மடக்கிய பின் உயரம். எல்லா விமானத்தின் சரக்குக் கதவும் ஒரே உயரம் இல்லை, போயிங் 737-ல் அது ஒரு மீட்டர்கூட இல்லை. சுத்தமாக நடக்க முடியாதவர் டிக்கெட்டில் டபிள்யூ.சி.ஹெச்.சி. என்ற உதவிக் குறியீடு இருக்க வேண்டும். டபிள்யூ.சி.ஹெச்.ஆர். என்று போட்டுவிட்டால் படியேறுவார் என்று அர்த்தம், சீட்டு வரை தூக்கிக்கொண்டு போக ஆள் வர மாட்டார்.

இனி என் வேலை சம்பந்தப்பட்டது. குஷனை வண்டியோடு சரக்கில் போட்டுவிடாதீர்கள். உணர்வில்லாத உடம்பு நாலு மணி நேரம் விமான சீட்டில் அசையாமல் இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பிக்க அது தாராளம். சீட்டில் குஷனை விரித்து உட்காருங்கள், கைப்பிடியை ஊன்றி அவ்வப்போது உடம்பைத் தூக்குங்கள். காற்று குஷன் மேலே போனதும் உப்பும், வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை வெளியே விடுங்கள். பாத்ரூம் பயத்தில் முந்தின நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்ததும் சிறுநீர்த் தொற்றோடு என்னிடம்தான் வருகிறார்கள்.

ராத்திரி போன் செய்த அந்த அண்ணனின் ஜாய்ஸ்டிக்குக்குக் காசு கிடைத்ததா? இல்லை. கார் காத்திருக்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டார், புறப்படும்போது எப்படி இருந்தது என்று காட்டப் படமும் இல்லை. விமான நிறுவனத்தின் இழப்பீட்டுப் பொறுப்பைச் சொல்லும் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் வெளிநாட்டுப் பயணம் என்றால் சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டு வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேல். வண்டி அதைவிட விலை கூடியது என்றால் செக்-இன் செய்யும்போதே அதன் மதிப்பை எழுதிக் கொடுக்கலாம், கூடுதல் கட்டணம் கேட்பார்கள். ஓணம் கழிந்து மறுபடி போகிறாராம். கவுண்டரில் ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறேன், தாளையும் புதிதாக எழுதி வைத்திருக்கிறேன்.