செம்பருத்தி சர்பத்தில் வைட்டமின் சி போடாதீர்கள்

கடை வாசலில், வெயில் படும் தட்டில், வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் செம்பருத்தி சர்பத். சில வாரத்தில் செங்கல் நிறம், அப்புறம் பழுப்பு. உடனே பூ மேல் பழி. கூடவே, "நிறம் நிற்க வைட்டமின் சி கூடப் போட்டோமே!" என்ற புலம்பல். போட்டதுதான் வினையே.

வெட்டிய ஆப்பிள் கறுக்காமல் வைட்டமின் சி காக்கும், உண்மைதான். அதற்காக எல்லா நிறத்தையும் காக்கும் என்று யார் சொன்னது? செம்பருத்தியின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற சாயம். பாட்டிலில் தங்கிய காற்றோடு வைட்டமின் சி வினைபுரிந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது சாயத்தை வெளுக்கும். பீட்ரூட்டின் பீட்டலைன் வேறு வகை. அதற்கு இதே வைட்டமின் சி துணை நிற்கும். ஒன்றுக்குச் சொன்ன குறிப்பை இன்னொன்றுக்கு ஒட்டிப் பகிர்கிறார்கள், நாம் பதில் சொல்லி மாளவில்லை.

செம்பருத்திக்கு வேண்டியது சிட்ரிக் அமிலம். லிட்டருக்கு 3 கிராமில் தொடங்கி, பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3-ஐ ஒட்டி வரும்வரை கூட்டுங்கள். 4, 5 என்று ஏறினால் சாயத்தில் பெரும்பகுதி நிறமற்ற வடிவுக்கு மாறிவிடும். பி.எச். தாளை நம்பாதீர்கள், சிவப்புச் சாறு தாளிலேயே ஏறி அளவை மறைக்கும். மீட்டர் வாங்குங்கள். எலுமிச்சை பிழிவது அன்றே குடிப்பதற்குச் சரி. பாட்டிலில் அடைப்பதற்கு வேண்டாம், அதிலும் வைட்டமின் சி உண்டு.

இதழை மட்டும் எடுத்து, சூடான நீரில் வெளுக்கும்வரை ஊறவிட்டு வடித்தால் போதும். அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் நிறம் கூடாது, குறையும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சிவப்பு ஊதா பக்கம் சாயும். எவர்சில்வர் போதும். பாகைத் தனியே காய்ச்சிச் சேர்த்து, சூட்டோடு கழுத்துவரை நிரப்புங்கள். மேலே விட்ட இடமெல்லாம் காற்று. மூடியதும் வெதுவெதுப்பான நீரில் வைத்து, பிறகு குளிர்நீரில் ஆற்றுங்கள். நேராகக் குளிர்நீரில் வைத்தால் பாட்டில் வெடிக்கும். பழுப்புக் கண்ணாடி, அட்டைப்பெட்டி, முடிந்தால் ஃப்ரிட்ஜ்.

சங்குப்பூவின் நீலம் இதைவிட உறுதியானது. ஆனால் நீலமாகவே விற்க வேண்டுமென்று புளிப்பே சேர்க்காமல் அடைப்பவர்களைப் பார்த்தால்தான் பயம். பி.எச். 4.6-க்கு மேல், சர்க்கரையும் குறைவு, காற்றில்லாத பாட்டில் என்றால் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமிக்கு வசதியான இடம். அதன் வித்துகள் சாதாரணக் கொதிக்கு மசியாது. தயவுசெய்து அந்தச் சாற்றை வெளியில் வைத்து விற்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். நிறம் பளிச்சென்று இருப்பதை வைத்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.