இறக்கத்தின் சூடு எங்கே போகிறது?

மலை சைக்கிள் வாங்க நினைப்பவருக்கு முதலில் ஒரு பழைய கதை. கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் தமால்பைஸ் என்றொரு மலை இருக்கிறது. பெயரில் ‘தமால்’ வருவதைக் கண்டு யாரும் கல்வெட்டுத் தேடிக் கிளம்பிவிட வேண்டாம். அது கடலோர மிவோக் பழங்குடியினரின் சொல், ‘மேற்குக் குன்று’ என்று பொருள். 1970-களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர், 1930-களில் செய்யப்பட்ட ஷ்வின் என்ற கம்பெனியின் கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, பருத்த டயர்களோடு மண்பாதையில் மலையிறங்குவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். 1976-இல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே இருந்த ஓர் இறக்கத்தில் பந்தயமே தொடங்கிவிட்டார்கள். மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பாதை, ஏறத்தாழ 400 மீட்டர் உயர வித்தியாசம்.

அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் பலரிடம் இருந்தது. பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்துக்குள் கிரீஸில் முங்கிக் கிடக்கும் பிரேக் அது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் கிரீஸ் புகையாகப் போய்விடும். அடுத்த முறை இறங்க வேண்டுமென்றால் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸை அடைக்க வேண்டும். ‘மறுபடி அடைத்தல்’ என்ற பொருளில் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கிரீஸின் மேல் குற்றமில்லை, கணக்கைப் போட்டால் தெரியும். ஆளும் வண்டியுமாக 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டர் இறங்கும்போது புவியீர்ப்பு நம் கையில் திணிக்கும் ஆற்றல் ஏறக்குறைய மூன்றரை லட்சம் ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகமான வீரர்கள் அந்தப் பாதையை நாலரை நிமிடத்துக்குள் முடித்தார்கள். அப்படியானால் சுமார் 1,300 வாட். வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பி ஒன்று இறக்கம் முழுவதும் எரிந்துகொண்டே வருவதற்குச் சமம். இதில் ஒரு பகுதியைக் காற்றும் மண்ணும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியெல்லாம் கைப்பிடி அளவுள்ள அந்தக் குடத்துக்குள் போனது.

1977-இல் அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் இந்த இறக்கங்களுக்கென்றே புதிய சைக்கிள் சட்டம் (ஃபிரேம்) செய்தார். 1979-இல் அதே கூட்டத்துக் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் மலை சைக்கிள் கம்பெனி தொடங்கினார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் சைக்கிள் வந்த பிறகு மலை சைக்கிள் தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது. ஆனாலும் ஒரு மலை சைக்கிளைப் பார்க்கும்போது இன்றும் நான் கேட்பது ரீபேக்கின் கேள்வியைத்தான்: மலை கொடுக்கும் ஆற்றல் இந்த வண்டியில் எங்கே, எப்படிச் சூடாக மாறிக் கழிகிறது? ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்குள் வாங்க நினைப்பவர் இந்த ஒரு கேள்வியோடு கடைக்குள் நுழைந்தால், விற்பனையாளர் காட்டும் பளபளப்பில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

முதலில் முன்ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தை இரண்டு கால்களால் பிடித்திருக்கும் கவை. ஏமாற்று அதிகம் நடக்கும் இடமும் இதுதான். மலிவான மலை சைக்கிளின் ஃபோர்க்குக்குள் ஒரு இரும்பு ஸ்பிரிங் மட்டும் இருக்கும். கல்லில் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், அமுங்கியதைத் திருப்பித் தரும். வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கொடுப்பது ஸ்பிரிங்கின் பிறவிக் குணம். என் முதல் ‘மலை சைக்கிள்’ அப்படிப்பட்டது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் இறங்கும்போது முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. ஸ்பிரிங் தான் வாங்கிய கடனை ஒரே தவணையில் அடைத்தது. அடுத்த கல் வந்தபோது சக்கரம் காற்றில் இருந்தது. தரையைத் தொடாத சக்கரத்துக்குத் திருப்பமும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. தேயிலை மென்மையான செடி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நல்ல ஃபோர்க்கில் ஸ்பிரிங்கோடு இன்னொன்றும் இருக்கிறது. அலுவலகக் கதவின் மேல் மூலையில் பொருத்தியிருக்கும் கதவுமூடியைப் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் இருந்தும் கதவு அறைந்து சாத்துவதில்லை. ஸ்பிரிங் தள்ளும்போது எண்ணெய் ஒரு சிறிய துளை வழியாகப் புகுந்து போக வேண்டியிருக்கிறது, அது வேகத்தைக் கட்டுகிறது. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை மெல்லத் தள்ளினால் எளிதாகப் போகும், வேகமாகத் தள்ளினால் கட்டைவிரல் வலிக்கும். அதே கதைதான். ஃபோர்க்கின் ஒரு காலுக்குள் ஸ்பிரிங், மற்றொரு காலுக்குள் எண்ணெயும் துளையும். ஸ்பிரிங் திருப்பித் தர நினைக்கும் ஆற்றலை எண்ணெய் வழியிலேயே பறித்துச் சூடாக்கிவிடுகிறது. சக்கரம் துள்ளாமல் தரைக்குத் திரும்புகிறது.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியின் மேல் உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். சட்டென்று விடுங்கள். ‘டொக்’ என்று எகிறி மேல்முட்டில் இடித்தால் உள்ளே வெறும் ஸ்பிரிங். மூச்சு விடுவதுபோல் சீராக எழுந்தால் எண்ணெய் வேலை செய்கிறது. ஃபோர்க்கின் வலக்கால் அடியில் ஒரு சிறிய திருகு இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். துளையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் அதுதான் கருவி. மேலே இருக்கும் ‘லாக்’ திருகை மட்டும் காட்டி, “சார், இதில் எல்லா வசதியும் இருக்கிறது” என்பார்கள். அது ஃபோர்க்கை அசையாமல் பூட்டுவதற்கு. மலிவான ஸ்பிரிங்கிலும் அது உண்டு.

ஸ்பிரிங் இரும்பா காற்றா என்பது அடுத்த கேள்வி. இந்த விலையில் காற்று கிடைத்தால் தயங்க வேண்டாம். சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். முதல் பாதி எளிதாகப் போகும், கடைசி அங்குலம் போகவே போகாது. கன அளவு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்று ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி சொன்னது இதைத்தான். சிறு கற்களுக்கு இளகியும் பெரிய அடிக்கு விறைத்தும் நிற்கும் ஸ்பிரிங் இப்படி வெறுங்காற்றிலேயே கிடைத்துவிடுகிறது. 55 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஒரே ஃபோர்க் போதும், காற்றைக் கூட்டிக் குறைத்தால் சரி. ஃபோர்க் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வண்டியில் ஏறி நின்றால் அது எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். 120 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்கில் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை தள்ளியிருந்தால் காற்று சரி.

அடுத்தது பிரேக். சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை (டிஸ்க்) இரு கட்டைகளால் கடித்து நிறுத்துவது டிஸ்க் பிரேக். அதில் எண்ணெயால் இயங்குவது, மூடிய குழாயில் அழுத்தம் எங்கும் ஒன்றே என்ற பாஸ்கலின் விதியில் நடக்கிறது. விரலால் இழுக்கும் நெம்புகோலுக்கு அடியில் இருக்கும் பிஸ்டன் 10 மில்லிமீட்டர் விட்டம், டிஸ்க்கைக் கடிக்கும் பிஸ்டன் 22 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பரப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு, ஆகவே விசையும் ஐந்து மடங்கு. நெம்புகோல் தரும் பெருக்கம் தனி. ஒரே விரலால் வண்டியை நிறுத்த முடிவது இதனால்தான், மற்ற விரல்கள் கைப்பிடியை இறுகப் பிடித்திருக்கலாம். கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கில் கம்பி உறைக்குள் உராய்ந்தே விசையில் ஒரு பங்கு வீணாகிறது. மலிவானவற்றில் ஒரு பக்கக் கட்டை மட்டும் நகர்ந்து டிஸ்க்கை வளைத்து மறுகட்டையில் அழுத்தும். தேய்மானத்துக்கேற்ப நாமே முறுக்கிக்கொண்டும் இருக்க வேண்டும். ‘டபுள் டிஸ்க்’ என்ற ஸ்டிக்கர் இந்த வேறுபாட்டைச் சொல்லாது. நெம்புகோலிலிருந்து கிளம்புவது கம்பியா எண்ணெய்க் குழாயா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்க டிஸ்க் 160-க்குப் பதில் 180 மில்லிமீட்டராக இருந்தால் அதே பிடிக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் திருப்பு விசை, சூட்டை விரிக்கக் கூடுதல் உலோகம். இறக்கத்தில் உடல் எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது.

சக்கர அளவைப் பற்றி இணையத்தில் நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. 26 அங்குலத்திலிருந்து 29-க்குப் போனால் கற்கள் காணாமல் போய்விடும் என்பார்கள். 10 சென்டிமீட்டர் உயரக் கல்லில் மோதும் கோணத்தை வரைந்து பார்த்தால் 26 அங்குலத்துக்கு ஏறக்குறைய 45 டிகிரி, 29-க்கு 43. கல்லில் ஏறத் தேவையான விசை எட்டு விழுக்காடு குறைகிறது. ஆயிரம் கற்களில் அது உடம்புக்குத் தெரியும்தான், ஆனால் அதிசயம் ஒன்றுமில்லை. அதைவிட டயர் முக்கியம். 2.3 அங்குல அகலம், குறைந்த காற்று, மென்மையான ரப்பர். காற்று குறைந்தால் டயர் கல்லைச் சுற்றிக் கவ்வும், வளைந்து நிமிரும் ரப்பரே கொஞ்சம் அதிர்வைச் சூடாக்கித் தின்றுவிடும். ட்யூப் இருந்தால் காற்றை அவ்வளவு குறைக்க முடியாது. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் ட்யூப் நசுங்கி, இரண்டு பல் பதிந்ததுபோல் ஜோடி ஓட்டை விழும். ட்யூப் இல்லாமல் ஓட்டக்கூடிய ரிம் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே ஊற்றும் ரப்பர் பால், முள் குத்திய இடத்தில் கசிந்து உறைந்து தானே அடைத்துக்கொள்ளும்.

இனி கோணங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் கோணத்துக்கு விலை கிடையாது. ஃபோர்க் நுழையும் அலுமினியத் தலைக்குழாயைத் தரைக்கு 71 டிகிரியில் பற்றவைப்பதற்கும் 65 டிகிரியில் பற்றவைப்பதற்கும் தொழிற்சாலைக்கு ஒரே செலவுதான். மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுழலும் அச்சுக்குப் பின்னால் சக்கரம் தரையைத் தொடுவதால், தள்ளும் திசைக்கு அது தானாகவே திரும்பிக்கொள்கிறது. சைக்கிளிலும் அப்படியே. கைப்பிடி திரும்பும் அச்சை நேராகத் தரை வரை நீட்டினால் அது சக்கரம் தொடும் புள்ளிக்கு முன்னால் போய் விழும். பழைய 71 டிகிரி, 26 அங்குல வண்டியில் இந்த இடைவெளி சுமார் 75 மில்லிமீட்டர். இன்றைய 65 டிகிரி, 29 அங்குல வண்டியில் சுமார் 124. கல் இடித்துத் திருப்பினாலும் சக்கரம் நேராக வரத்தான் பார்க்கும். முன்சக்கரம் உடலை விட்டுத் தள்ளி நிற்பதால் செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புற விழும் வாய்ப்பும் குறைகிறது. சமதளத்தில் மெதுவாகப் போகும்போது கைப்பிடி சற்றே சோம்பலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

ஃபோர்க்கை மாற்றலாம், பிரேக்கை மாற்றலாம், பற்றவைத்த கோணத்தை மாற்ற முடியாது. ஆகவே நிறுவனத்தின் இணையதளத்தில் அளவுப் பட்டியலைத் திறந்து, தலைக்குழாய்க் கோணம் 65-க்கும் 67-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். தலைக்குழாய் மேலே ஒடுங்கி அடியில் பருத்திருந்தால் நாளை நல்ல ஃபோர்க் எதையும் மாட்டலாம். சக்கரங்கள் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த அச்சால் திருகப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

கியரைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. சட்டத்தில் பெரிதாக ‘21 கியர்’ என்று எழுதியிருக்கும். முன்னால் 28, 38, 48 பற்கள், பின்னால் 14 முதல் 28 வரை ஏழு. கூட்டிக் கழித்தால் மிக இளகிய கியருக்கும் மிகக் கடினமானதற்கும் உள்ள விகிதம் 3.4 மடங்குதான். 21-இல் பல ஒன்றுக்கொன்று நகல். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 11 முதல் 50 பற்கள் வரை இருக்கும் இன்றைய அமைப்பு 4.5 மடங்கு தருகிறது. பழையதில் மிக இளகிய கியரில் ஒரு சுற்று மிதித்தால் வண்டி இரண்டு மீட்டர் நகரும். முன்னால் 32 பல் இருக்கும் புதியதில் சுமார் ஒன்றரை மீட்டர். நாலில் ஒரு பங்கு இளகல். ஏற்றத்தில் முட்டிக்கு அது தெரியும். கியர்களின் எண்ணிக்கை குறைந்து, வேலை கூடியிருக்கிறது. இதை விளம்பரத்தில் சொல்வது கடினம் என்பதால்தான் ஸ்டிக்கர் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி இந்த விலையில் வேண்டாம். நான்கைந்து மூட்டுகள், ஒவ்வொன்றுக்கும் பேரிங், நடுவில் எண்ணெய் உள்ள ஷாக். அத்தனைக்கும் பணம் போனால் பிரேக்கிலும் முன்ஃபோர்க்கிலும்தான் வெட்டியிருப்பார்கள். மிச்சமாகும் பணத்தில் ஃபோர்க்குக்குக் காற்றடிக்கும் சிறு பம்ப், ஒரு ஜோடி பிரேக் கட்டை, ஹெல்மெட். இன்னும் கையில் இருந்தால் நெம்புகோலைத் தட்டினால் தாழும் சீட் கம்பி. இறக்கத்தில் சீட் 12 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டால் உடல் வண்டிக்குள் அமர்ந்துவிடும்.

வாங்கி வந்த அன்றே மலைக்குப் போய்விடாதீர்கள். புதிய கட்டையும் புதிய டிஸ்க்கும் ஒன்றையொன்று அறியாதவை. நடுத்தர வேகத்தில் ஓட்டி, சக்கரம் பூட்டாமல் சீராகப் பிடித்து, நடை வேகத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும். இருபது முறை. ஒவ்வொரு முறையும் கட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் டிஸ்க்கின் மேல் ஏறும், அதற்குப் பிறகுதான் முழுப் பிடி வரும். நான் எங்கள் தெருவிலேயே செய்தேன். ஏழாவது முறைக்குள் பிரேக்கில் மெல்லிய கருகல் வாடை வந்துவிட்டது. பன்னிரண்டாவது முறை எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, “கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா தம்பி? நிற்கவே மாட்டேன் என்கிறதா?” என்று கேட்டார். இன்னும் எட்டு முறை பாக்கி இருந்தது.