கழிவுநீர்ச் சல்லடை: குறை ஓரிடம், பழுது வேறிடம்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழையும் நீர் முதலில் சந்திக்கும் இயந்திரம் சல்லடை. துணி, நெகிழி, முடி, குச்சி, இலை என்று நீரோடு வரும் திடப்பொருள்களைத் தடுத்து, பல் வைத்த வாரியால் மேலே தூக்கித் தொட்டியில் கொட்டுவது அதன் வேலை. பார்ப்பதற்கு இவ்வளவு எளிதாக இருப்பதாலோ என்னவோ, திட்டச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் முதலில் கை வைக்கப்படுவதும் இதில்தான். ஆனால் நிலையங்களின் பழுதுகளை ஆராயப் போகும்போதெல்லாம் நான் காண்பது, சல்லடையின் குறை சல்லடையில் தெரிவதே இல்லை என்பதுதான். அது பம்பிலும், காற்றூட்டத் தொட்டியின் அடியிலும், நீரை வடிகட்டும் நுண்துளைச் சவ்வான மெம்பிரேனின் இழைகளிலும் போய்த் தெரிகிறது. அங்கே ஆகும் செலவை யாரும் சல்லடையின் கணக்கில் எழுதுவதில்லை.

அடிக்கடி நின்றுபோகும் பம்பு ஒன்றைக் கழற்றினால், நீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லரைச் சுற்றி மணிக்கட்டுப் பருமனில் ஒரு கயிறு இறுகிக் கிடப்பதைப் பார்க்கலாம். கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் அதில் முழுத் துணி எதுவும் இருக்காது. முடியும், ஈரத் துடைப்பான்களிலிருந்து பிரிந்த இழைகளும், பஞ்சு நூலுமே இருக்கும். சல்லடையைத் தனித்தனியாகத் தாண்டிய இவை, நீர் சுழலும் இடங்களில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு மீண்டும் கயிறாகின்றன. கழிப்பறைக் காகிதம் நீரில் விரைவாகக் குலைந்துவிடும். ஈரத் துடைப்பான் அப்படியன்று. நெய்யாத துணியான அதில் பெரும்பாலும் பாலியெஸ்டர் போன்ற இழைகள் கலந்திருப்பதால், குழாயில் நெடுந்தூரம் வந்த பிறகும் அது வலுவிழப்பதில்லை. கொழுப்போடு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 2017-இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் கண்டெடுக்கப்பட்ட கொழுப்புப் பாறை ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டிருந்தது. அதற்குள்ளும் கொழுப்பைப் பிடித்துக் கட்டியிருந்தவற்றில் இந்தத் துடைப்பான்களே முக்கியமானவை.

எந்த அளவுத் திறப்புள்ள சல்லடை வேண்டும் என்ற கேள்விக்கு விடை, வரும் கழிவில் பாதியும் அதற்குப் பின்னால் நிற்கும் கருவியில் மீதியுமாக இருக்கிறது. 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் திறப்புள்ளவற்றைப் பருஞ்சல்லடை என்றும், அதற்குக் கீழ் உள்ளவற்றை நுண்சல்லடை என்றும் பொதுவாகப் பிரிப்பார்கள். பம்பைக் காப்பது மட்டுமே நோக்கம் என்றால் பருஞ்சல்லடை போதும். மெம்பிரேன் முறையில் சுத்திகரிக்கும் நிலையத்துக்கோ 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இறங்க வேண்டும். உள்ளீடற்ற இழை மெம்பிரேன் என்றால் அதிலும் கீழ்வரம்பை ஒட்டியே தேர்வு செய்ய வேண்டும்.

கொள்முதல் ஆவணங்களில் பெரும்பாலும் தவறிப்போகும் செய்தி ஒன்று உண்டு. 3 மில்லிமீட்டர் இடைவெளியும் 3 மில்லிமீட்டர் துளையும் ஒன்றல்ல. கம்பிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் மட்டுமே குறுகியது. மறுபக்கம் கம்பியின் நீளத்துக்குத் திறந்தே கிடக்கிறது. முடியும் இழையும் தட்டையான நெகிழித் துண்டும் சற்றே திரும்பி, அதன் வழியே நழுவிவிடும். துளையிட்ட தகட்டில் இரு பக்கமும் குறுகலாக இருப்பதால் அந்த வழி அடைபடுகிறது. மில்லிமீட்டர் எண்ணை மட்டும் குறிப்பிட்டு, துளையா இடைவெளியா என்று சொல்லாமல் விலைப்புள்ளி கேட்டால் மலிவானதுதான் வந்து சேரும். அதற்காக விற்றவரைக் குறை சொல்லவும் முடியாது. துளைத் தகட்டுக்கும் ஒரு விலை இருக்கிறது: அது விரைவில் அடைபடும், தூரிகையும் அழுத்த நீர்த்தெளிப்பும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும், கொழுப்பு மிகுந்த இடங்களில் அவ்வப்போது வெந்நீரால் கழுவவும் வேண்டியிருக்கும்.

இயந்திர வகைகளில் சங்கிலியால் இயங்கும் வாரி, ஏறி இறங்கும் வாரி, படிச் சல்லடை, சுழலும் உருளைச் சல்லடை ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. மணல் மிகுதியாக வரும் இடத்தில் நீருக்கடியில் பற்சக்கரமும் பேரிங்கும் இருக்கும் வடிவத்தை நான் பரிந்துரைப்பதில்லை. மணல் நீக்கும் தொட்டி வழக்கமாகச் சல்லடைக்குப் பிறகே அமைவதால், சல்லடையின் அடிப்பகுதி மணல் முழுவதையும் தாங்க வேண்டியிருக்கிறது. அங்கே தேயும் பாகத்தை மாற்றக் கால்வாயையே வடிக்க வேண்டும்.

இயந்திரம் எதுவாக இருந்தாலும், நீரின் வேகம் பொருந்தாவிட்டால் பயனில்லை. சல்லடைக்கு முந்தைய கால்வாயில் வேகம் நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே போனால் மணல் படியத் தொடங்கும். கம்பிகளுக்கு நடுவே 0.9 மீட்டரைத் தாண்டினால் பிடிபட்ட துணியையே நீர் அழுத்தி அப்பால் தள்ளிவிடும். பாதித் திறப்பு அடைபட்டால் அதே நீர் மீதிப் பாதியில் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் நுழைய வேண்டியிருக்கிறது. சல்லடையைத் தாண்டும்போது நீர்மட்டம் தாழும் அளவான மட்ட இழப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் அது இரண்டு மடங்காக அல்ல, ஏறத்தாழ நான்கு மடங்காக உயரும். முன்புற மட்டம் கண்ணெதிரே ஏறி, பின்புறம் தாழ்ந்து நிற்பது இதனால்தான்.

ஆகவே வாரியை ஓட்டும் பொறுப்பை டைமரிடம் மட்டும் விடக் கூடாது. பல இடங்களில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி தொடக்கத்தில் வைத்த அமைப்பே வருடக்கணக்கில் மாறாமல் கிடக்கிறது. இரவில் கழிவே வராதபோதும் சங்கிலி வீணாகத் தேய்கிறது; மழையின் முதல் வெள்ளம் குழாய்களில் தங்கியிருந்த இலையையும் குப்பையையும் ஒரே வீச்சில் வாரிக் கொண்டு வரும்போதோ, பதினைந்து நிமிடம் என்பது மிக நீண்ட இடைவேளை. சல்லடைக்கு முன்னும் பின்னும் மட்டம் அளக்கும் சென்சார்களைப் பொருத்தி, வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் வாரி ஓட வேண்டும். நுரை மிதந்தால் அல்ட்ராசோனிக் சென்சார் தவறாகக் காட்டும் என்பதால் டைமரும் துணைக்கு இருக்கட்டும். மட்டம் எல்லை மீறினால் ஒலிக்கும் தனி மிதவை அலாரமும் வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சல்லடையின் மேல் சிறிதளவு கழிவு படிந்திருப்பது தீமையன்று, அந்தப் படலமே நுண்ணியவற்றைப் பிடிக்க உதவும். கம்பி எப்போதும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஓயாமல் வாரச் சொல்லும் மேலாளர்கள் பிடிப்புத் திறனையும் குறைக்கிறார்கள், இயந்திரத்தின் ஆயுளையும் குறைக்கிறார்கள்.

அள்ளிய கழிவில் மலமும் பெருமளவு நீரும் ஒட்டியிருக்கும். கழுவி அழுத்தும் இயந்திரத்தில் இட்டால் நீர் பிழியப்பட்டு எடையும் நாற்றமும் குறையும். கரிமப் பொருள் நீரோடு திரும்பிப் போய், நைட்ரஜனை நீக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகும்.

வாரி சிக்கி மோட்டார் டிரிப் ஆகும் நேரமே மிகவும் ஆபத்தானது. ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதும், ஸ்விட்சை அணைக்காமல் கம்பியால் குத்தி எடுப்பதும் கையை இழக்கும் வழிகள். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். கால்வாயில் இறங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவிலேயே அது உயிருக்கு உடனடி ஆபத்தாகக் கருதப்படுகிறது, அதே அளவில் சில நிமிடங்களில் மூக்கும் மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்பதை வைத்து வாயு போய்விட்டது என்று நம்பி இறங்கக் கூடாது. வாயுமானி, காற்றோட்டம், மீட்புக் கயிறு, மேலே காவலுக்கு ஓர் ஆள் ஆகியவை இல்லாமல் யாரையும் இறங்கச் சொல்லும் அதிகாரம் எந்த மேலாளருக்கும் கிடையாது.

கடைசியாக, சல்லடை நிற்கும்போது நீரைச் சுற்றி அனுப்ப வைத்திருக்கும் மாற்றுக் கால்வாய். ஒரு நிலையத்தில் சல்லடைத் தொட்டி வாரக்கணக்கில் நிறையாததைத் தங்கள் பகுதிக் கழிவு சுத்தமானது என்பதற்குச் சான்றாகக் காட்டினார்கள். மாற்றுக் கால்வாயின் அடைப்புக் கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்தே கிடந்தது. அந்தக் கால்வாயில் கம்பித் தடுப்பு எதுவும் இல்லை. குப்பை முழுவதும் அவ்வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. மாற்றுக் கால்வாயில் கையால் வாரும் கம்பிச் சல்லடையாவது இருக்க வேண்டும். தொட்டியில் சேரும் கழிவின் எடையையும் சல்லடையின் மட்ட வேறுபாட்டையும் தினமும் ஒரே பதிவேட்டில் எழுதி வந்தால், எடை திடீரெனக் குறையும் நாளில் அந்தக் கதவைப் போய்ப் பார்க்கலாம்.