பாதீடு: மாடு பட்டிக்கு வந்த பிறகு

மார்கழி பிறந்தால் வன்னியில் இரண்டு செய்திகள் தவறாமல் வரும். எந்தக் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்பது ஒன்று. எந்தப் பிரதேச சபையில் பாதீடு, அதாவது பட்ஜெற், நிறைவேறியது, எதில் தோற்றது என்பது மற்றது. கரைச்சி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு என்று சபையின் பெயர் மாறும். பாதீடு என்ற சொல் மாறாது. உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் பிள்ளைக்கும் 'காசுப் பாதீடு தயாரிக்க' என்றுதான் வினா வரும். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதைப் பத்திரிகைத் தலைப்பில் பார்த்துவிட்டு, "சபைக்கு என்ன பாதிப்பு?" என்று கேட்டார். எங்கள் கந்தோரில் வேறு விளக்கம் உண்டு: கேட்டதில் பாதியைத்தான் தருவார்கள், அதனால் அது பாதீடு.

பகிடிதான், என்றாலும் சொற்பிறப்பில் அது அவ்வளவு பிழையில்லை. பாதி, பாதீடு இரண்டுக்கும் வேர் 'பகு'. பகு என்பது பா என்று நீண்டு பாத்தி, பாதி, பாத்து என்று கிளைத்தது. தோட்டத்தில் மிளகாய்க்குப் பாத்தி கட்டுகிறோமே, அதுவும் நிலத்தைப் பகுப்பதுதான். திருக்குறளில் வரும் 'பாத்தூண்' பகிர்ந்து உண்ணும் உணவு. பாது என்றால் பங்கு. அதை இடுவது, அதாவது இன்னாருக்கு இவ்வளவு என்று வைப்பது பாதீடு. முதல் இட்டால் முதலீடு, மதிப்பு இட்டால் மதிப்பீடு என்பது போலத்தான்.

அப்படியானால் 'பங்கீடு' என்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். பொருள் ஒன்றுதான். ஆனால் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற நாட்டில் அந்தச் சொல் அரிசிக்கும் சீனிக்கும் போய்விட்டது. திரும்ப எடுக்க முடியாது.

பாதீடு யாரோ அண்மையில் ஆக்கிய சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொல்காப்பியத்தில் இருக்கிறது. புறத்திணையியலில் வெட்சித் திணைக்குத் துறைகள் சொல்லும்போது கடைசி நான்கும் இப்படி வரும்: தந்துநிறை, பாதீடு, உண்டாட்டு, கொடை. வெட்சி என்பது பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவது. கவர்ந்த மாடுகளை ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்துவது தந்துநிறை. நிறுத்திய மாடுகளைப் பகுத்துக் கொடுப்பது பாதீடு. பிறகு கள்ளுண்டு களிப்பது உண்டாட்டு. கடைசியில் இரப்போருக்கு வழங்குவது கொடை.

யார் யாருக்குப் பங்கு என்பதைப் பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை சொல்கிறது: வாளெடுத்துப் போரிட்டவர்களுக்கு, ஒற்றறிந்து வந்து சொன்னவர்களுக்கு, புள் நிமித்தம் பார்த்துப் பலன் சொன்னவர்களுக்கு. நிமித்தம் பார்த்தவருக்கும் பங்கு! இந்தக் காலத்தில் ஆலோசகர் கட்டணம் என்று ஒரு தலைப்புப் போட்டிருப்பார்கள். அதைவிட முக்கியம், பங்கு பிரிப்பது எல்லாரும் பார்க்க நடந்த காரியம். வன்னியில் பட்டி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாட்டின் குறி எல்லாருக்கும் தெரியும். யாருடைய மாடு யாருடைய பட்டியில் நிற்கிறது என்பதை மறைக்க முடியாது.

பட்ஜெற்றின் கதை வேறு. பழைய பிரெஞ்சில் சின்னத் தோற்பையைக் குறித்த 'பூஜெத்' என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய் பட்ஜெற் ஆனது. எங்கள் அம்மம்மாமார் இடுப்பில் செருகி வைத்த கொட்டப்பெட்டியின் தோல் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நிதிப் பொறுப்பில் இருந்த வால்போலைக் கிண்டல் செய்து, 1733 இல் 'பை திறந்தது' என்ற பொருளில் ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. பிறகு கேலி போய்ப் பெயர் நின்றுவிட்டது. ஆக, பட்ஜெற் பையின் பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறக்கிறவருக்கு மட்டும் தெரியும். பாதீடு செயலின் பெயர்.

இனிச் சரியான தமிழ் எது என்ற கேள்வி. இலங்கை அரசாங்கம் எழுதுவது 'வரவு செலவுத் திட்டம்'. பொருள் தெளிவு, யாருக்கும் விளங்கும். ஆனால் அதை வைத்து வேறு சொல் ஆக்கிப் பாருங்கள். வரவு செலவுத் திட்டக் குழு, வரவு செலவுத் திட்டத் தலைப்பு, துணை வரவு செலவுத் திட்டம் என்று வாய் நோகும். பாதீட்டுக் குழு, பாதீட்டுத் தலைப்பு என்றால் முடிந்தது. தமிழ்நாட்டில் 'நிதிநிலை அறிக்கை' என்கிறார்கள். இங்கே அதை எடுத்தால் குழப்பம்தான். நிதி அறிக்கை, நிதிக்கூற்று என்றால் எங்கள் கணக்காளருக்கு நினைவு வருவது முடிந்துபோன ஆண்டின் கணக்கு, வரப்போகும் ஆண்டின் திட்டமல்ல.

பாதீட்டுக்கு எதிராகவும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தொல்காப்பியத்தில் மாடு வந்த பிறகுதான் பாதீடு. இன்றைய பாதீட்டிலோ மாடு இன்னும் காட்டில் நிற்கிறது, நாங்கள் பங்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த வித்தியாசத்தை நான் அகராதி பார்த்து அறியவில்லை. காசு போய்த்தான் அறிந்தேன்.

கிளிநொச்சியில் ஒரு தொழில்வாண்மையாளர் சங்கத்துக்கு ஒரு வருடம் பொருளாளராக இருந்தேன். அங்கத்தவர் 120 பேர். ஆண்டுச் சந்தா 2,000 ரூபா. நான் செய்த முதல் வேலை இரண்டையும் பெருக்கியது: 240,000. பிறகு செலவு எழுதினேன். வருடாந்த இராப்போசன விருந்துக்கு 110,000, இரண்டு கருத்தரங்குக்கு 60,000, பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் 50,000, தபால், மண்டபம், தேநீர் என்று நிர்வாகத்துக்கு 20,000. கூட்டினால் சதம் பிசகாமல் 240,000. ஒருவர் பிரேரித்தார், ஒருவர் ஆமோதித்தார், ஏகமனதாக நிறைவேறியது. வரவும் செலவும் சமமாக வந்ததைப் பார்த்து எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

விருந்து பங்குனியில். சாப்பாடு நல்லாய்த்தான் இருந்தது. வருட முடிவில் சந்தா கட்டியிருந்தவர்கள் 70 பேர், அதாவது 140,000 ரூபா. விருந்துக்குப் போக மிச்சம் 30,000. நிர்வாகச் செலவு 20,000 ஐக் கழித்தால் கையில் பத்தாயிரம். கருத்தரங்கு ஒன்றுகூட நடக்கவில்லை. புலமைப்பரிசிலைக் கேட்டு வந்த ஒரு தாய்க்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத மனமில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓய்வு பெற்ற மூத்த அங்கத்தவர் ஒருவர் எழும்பினார். தமிழில் பிடிப்புள்ளவர். கோபப்படவில்லை.

"தம்பி, மாடு பட்டிக்கு வர முன்னம் உண்டாட்டு வைச்சிட்டியள்."

சபை சிரித்தது. பாதிப் பேருக்கு என்ன பகிடி என்று விளங்கவில்லை. எனக்கும் வீட்டுக்குப் போய்த்தான் விளங்கியது. தந்துநிறை, பாதீடு, உண்டாட்டு, கொடை. நான் உண்டாட்டை முதலில் நடத்தி, கொடையைக் கைவிட்டிருக்கிறேன்.

எங்கள் கமக்காரர் இந்தப் பிழையை விடமாட்டார்கள். சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒருமுறை போய் இருந்து பாருங்கள். முதலில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொல்வார். முழுக்கொள்ளளவு 36 அடி என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த 36 ஐ வைத்து யாரும் கணக்குப் போடுவதில்லை. நிற்கிற தண்ணீரில் வெயில் குடிக்கப்போவதைக் கழித்து, அடியில் கிடக்க வேண்டியதை விட்டு, மிச்சத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பார்ப்பார்கள். பிறகுதான் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்ற சண்டை. சண்டை பலமாகத்தான் இருக்கும். ஆனால் அது பங்கைப் பற்றிய சண்டை. தண்ணீர் எவ்வளவு என்பதில் சண்டை இல்லை. என் பாதீட்டில் 120 என்ற எண், குளத்தின் 36 அடி. 70 தான் தண்ணீர்.

அடுத்த ஆண்டு வந்த பொருளாளர் வரவுப் பக்கத்தில் முந்திய ஆண்டு உண்மையில் கட்டியவர்களை மட்டும் எழுதினார். நிலுவைச் சந்தா வந்தால் அதற்குக் குறைநிரப்புப் பாதீடு ஒன்று போட்டு நிர்வாக சபையில் வைப்பது என்று முடிவானது. பெயர் நீளம், வேலை இலகு: முதலில் ஒதுக்கியது போதாமல் போனால், அல்லது புதிதாகக் காசு வந்தால், இரண்டாம் தரம் கூடிப் பங்கு வைப்பது.

ஆயுட்சந்தா இன்னும் பொல்லாதது. ஒருவர் 25,000 ரூபாவை ஒரே தடவையில் கட்டி ஆயுள் அங்கத்தவர் ஆகிறார். அந்தக் காசு அந்த ஆண்டின் வருமானம் போல வங்கியில் கிடக்கும். செலவழிக்கக் கை துருதுருக்கும். ஆனால் அவர் இனிமேல் ஒரு சதமும் கட்டப்போவதில்லை, சங்கமோ அவருக்கு வருடா வருடம் தபால் அனுப்ப வேண்டும், தேநீர் கொடுக்க வேண்டும். ஆகவே அதைத் தனி நிதியாக நிலையான வைப்பில் போட்டு, வட்டியை மட்டும் பாதீட்டில் எடுப்பதுதான் ஒழுங்கு. மாட்டுக்காரர் மொழியில் சொன்னால், பாலைப் பங்கிடலாம், பசுவைப் பங்கிடக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் பழைய அங்கத்தவர் புலமைப்பரிசிலுக்கென்று அனுப்பும் காசும் அப்படித்தான். அது எதற்கு வந்ததோ அதற்கு மட்டும்.

பாதீட்டோடு கூடவே வரும் சொல் கணக்காய்வு. பேச்சில் 'ஓடிற்'. இதன் மூலம் இலத்தீனில் 'கேட்டல்'. கணக்கை ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் கேட்டுச் சரிபார்த்த காலத்தின் பெயர் அது. தமிழ்நாட்டில் இதற்குத் தணிக்கை என்பார்கள். உருது வழியாக வந்த சொல். இங்கே தணிக்கை என்றால் பத்திரிகையில் செய்தியை வெட்டுவதுதான் நினைவுக்கு வரும், அதனால் கணக்குக்கு அது ஒட்டவில்லை. கணக்கை ஆய்வது கணக்காய்வு. நேரான சொல், எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

சொல் புதிது, வழக்கம் பழையது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களின் பெயரும் அவர்களின் உறவினர் சிலரின் பெயரும் குடவோலைக்கு எழுதப்படக் கூடாது என்று விதி இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு! எங்கள் சங்கத்தின் யாப்பில் உறவினரைப் பற்றி ஒன்றும் இல்லை. (யாப்பு என்றால் செய்யுள் இலக்கணம் என்று நினைப்பவர்களுக்கு: இலங்கையில் சங்க விதிக்கோவைக்கும் அதுதான் பெயர். கட்டுவது யாப்பு.) உள்ளகக் கணக்காய்வாளர் நிர்வாக சபையில் இருக்கக் கூடாது, காசோலையில் இருவர் ஒப்பமிட வேண்டும் என்ற இரண்டு மட்டும் இருக்கிறது.

இருவர் ஒப்பம் எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் வவுனியாவில். ஒவ்வொரு காசோலைக்கும் ஏ9 வீதியில் எழுபது எண்பது கிலோமீற்றர் போய்வர முடியாது என்று, அவர் பத்து வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டு என்னிடம் தந்துவிட்டார். என் மேல் நம்பிக்கை. ஒரு காசோலையும் பிழையாகப் போகவில்லை. ஆனால் அந்தப் பத்துத் தாளும் என் லாச்சிக்குள் கிடந்த வரை, எங்கள் யாப்பில் அந்த விதி இருந்தும் இல்லாததுதான்.

கேட்டல் என்று சொன்னேன் அல்லவா? எங்கள் பக்கத்துப் பொதுக்கூட்டங்களில் கேட்டல் நின்று கனகாலம். கணக்கறிக்கையை அச்சிட்டுக் கதிரையில் வைத்துவிடுவார்கள். செயலாளர், "நேரம் போகுது, வாசித்ததாகக் கொள்வோம்" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் பொருளாளராக இருந்த கூட்டத்திலும் அப்படித்தான் நடந்தது.

இந்த வருடமும் அதே வசனம் வந்தது. அதே பெரியவர் முன் வரிசையில் இருந்தபடியே கையை உயர்த்தினார்.

"இல்லை, வாசியுங்கோ. கேப்பம்."

புதிய பொருளாளர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். சந்தா, நிலுவைச் சந்தா, வைப்பு வட்டி, மண்டப வாடகை. ஒன்பதாவது வரியில் பின்னாலிருந்து ஒரு தங்கச்சி எழும்பினார்.

"அண்ணை, ஆவணி மாதத் தேத்தண்ணிச் செலவு ரெண்டு தரம் வந்திருக்கு."