டிரம்மை மூடுவதற்கு முன்

பின்சக்கர டிரம் பிரேக்கைக் கழற்றுவது எளிது. திரும்பப் பூட்டும்போதுதான் ஆபத்து. அதன் பாகங்களில் பல, தவறான இடத்திலும் கச்சிதமாகப் பொருந்திவிடும். சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மைப் போட்டு மூடினால் பிழையும் கூடவே மறைந்துவிடும்.

ஒருமுறை என்னிடம் ஒரு பழைய கார் வந்தது. வேறோர் இடத்தில் புது ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த பாகம்) மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "பெடல் நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது" என்றார் உரிமையாளர். பிரேக் ஆயில் குறையவில்லை, குழாயில் காற்றும் இல்லை. டிரம்மைக் கழற்றினால் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் புதிது, ஸ்பிரிங்குகளும் அதனதன் இடத்தில் இருந்தன. ஷூ தேயத் தேய நீண்டு இடைவெளியைக் குறைக்கும் பல்சக்கர அட்ஜஸ்டரைக் கீழிருந்து எடுத்துத் திருகிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வலப்பக்க அட்ஜஸ்டர் இடப்பக்கத்திலும், இடப்பக்கத்தது வலப்பக்கத்திலும் இருந்தன. இரண்டின் மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. பின்னோக்கிச் செலுத்திப் பிரேக் மிதிக்கும்போது தானாக நீளவேண்டியது, இடம் மாறியதால் சுருங்கிக்கொண்டிருந்தது. குடும்பத்தோடு பயணம் போகும் வண்டி அது. இன்று நினைத்தாலும் மனம் பதைக்கிறது.

அதனால்தான் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள் என்று வலியுறுத்துகிறேன். ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கம் மாதிரியாக இருக்கட்டும். பிரிக்கும் முன் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முன்பு பூட்டியவரே தவறியிருக்கலாம். கடைசித் தீர்ப்பு வண்டியின் கையேட்டுடையது. ஷூக்கள் மேலே ஒரே முளையில் சாய்ந்து, கீழே அட்ஜஸ்டரால் இணையும் அமைப்பில், லைனிங் குட்டையான ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். வேறு அமைப்புகளில் இது மாறும். ஷூவை மாற்றுவதென்றால் இரண்டு பின்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வேலையின்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்திருப்போம். ஆகவே முன்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கைவைக்காதீர்கள். உள்ளே படிந்திருக்கும் கரும்பொடியை ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம். அது நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயாகத் தலைகாட்டலாம். முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுங்கள்.

ஷூக்களை வெளியே தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் புது ஷூ போட்டுப் பயனில்லை; சில நாளில் லைனிங் நனைந்துவிடும். முதலில் சிலிண்டரைக் கவனியுங்கள். அந்த ரப்பரைப் பெட்ரோலால் கழுவினால் உப்பிப்போகும். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. பிஸ்டன்கள் வெளியே தெறித்துவிடும். சூட்டில் நீலம் பாய்ந்த ஸ்பிரிங்கும், தளர்ந்த ஸ்பிரிங்கும் திரும்பப் போகக் கூடாது. ஷூக்கள் பொருந்தியிருக்கும் பின்தகடான பேக் பிளேட்டில் ஷூ உரசும் மேடுகளுக்கு, சூடு தாங்கும் கிரீஸை நகத்தளவு தடவினால் போதும். லைனிங்கில் ஒரு துளி பட்டாலும் பிடிப்பு போய்விடும். டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தேய்மானம் தாண்டியிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

மூடுவதற்கு முன் இன்னொன்று: ஷூவோடு இணைந்த ஹேண்ட் பிரேக் நெம்புகோல் தன் நிறுத்தத்தில் முழுமையாகத் திரும்பி அமர்ந்திருக்கிறதா? கேபிளை இழுத்துப் பிடித்த நிலையில் ஷூவைச் சரிசெய்தால் அளவு முழுவதும் பொய்யாகிவிடும். டிரம்மைப் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது, லேசாக உரசும் சத்தம் சீராகக் கேட்க வேண்டும். சக்கரம் இறுகி நின்றால் அட்ஜஸ்டரைச் சற்றுத் தளர்த்துங்கள். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிலிட் பின்னைக் கழற்றியிருந்தால், அதை மறுபடி வளைத்துப் போடாமல் புதிதாகப் போடுங்கள்.

எஞ்சினை இயக்குவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதியில் அது தரைவரை இறங்கலாம். கெட்டியாகும்வரை வண்டி ஓர் அடியும் நகரக் கூடாது. பிறகு ஆளில்லாத சமதரையில், நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். சில கிலோமீட்டர் ஓட்டிவந்து, இரண்டு பின்சக்கரங்களின் அருகிலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால், அந்த டிரம்மை அன்றைக்கே மறுபடி கழற்றுங்கள்.