பல் போன குழியில் என்ன நடக்கிறது

கீழ் ஞானப்பல்லை எடுத்த மறுநாள், வலி அவ்வளவாக இல்லை என்ற தெம்பில் என் தம்பி இளநீர் வாங்கி ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் குடித்தான். மூன்றாம் நாள் இரவு, காது வரை தெறிக்கும் வலியோடு சுருண்டு கிடந்தான். இளநீர்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். இடையில் சிகரெட்டும் பிடித்திருக்கிறான். ‘உறிஞ்சாதீர்கள், துப்பாதீர்கள்’ என்று அச்சிட்ட தாளொன்றை அவன் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. காரணம் தெரிந்திருந்தால் கேட்டிருப்பான் என்றே நினைக்கிறேன்.

பல் எலும்போடு ஒட்டிப் பிறந்ததன்று. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல் அதில்தான் தொங்குகிறது. மருத்துவர் எலிவேட்டர் என்ற கருவியை அந்த இடுக்கில் செருகித் திருகும்போது நார்கள் அறுந்து, குழியின் சுவர் சற்றே விரிந்து, பல் வெளியேற வழி கிடைக்கிறது. ஞானப்பல்லின் சிக்கல் வேறு. பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், மற்ற பற்களெல்லாம் இடம் பிடித்த பிறகு வருவதால், முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லில் முட்டிச் சாய்ந்தோ படுத்தோ கிடக்கலாம். அப்படிக் கிடந்தால் பல சமயம் முழுதாக எடுக்க வழியில்லை. துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டும் நேரம் முழுவதும் உப்புநீரைப் பாய்ச்சுவது சூட்டைத் தணிப்பதற்காக. 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புத் திசு சேதமடையத் தொடங்கிவிடும்.

இவ்வளவும் வலிக்காமல் நடப்பதற்குக் காரணம் லிக்னோகெயின். சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய மருந்து. தாடையின் பின்புறம், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தருகே அதைச் செலுத்துகிறார்கள். அது நரம்பிழையின் சவ்வைக் கடந்து உள்ளே போய், சோடியம் அயனிகள் நுழையும் வாசல்களை உட்புறமிருந்து அடைக்கிறது. வலிச் செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது. அதே நரம்பின் கிளைதான் உதட்டுக்கும் போகிறது என்பதால், ‘உதடு மரத்துவிட்டதா’ என்று மருத்துவர் கேட்கிறார். அழுத்தத்தைச் சுமக்கும் தடித்த இழைகள் எளிதில் அடங்குவதில்லை. ஆகவே அழுத்துவதும் அசைப்பதும் தெரியும்; அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் மருந்தின் மூலக்கூறுகளில் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று, சவ்வைக் கடக்க முடியாமல் வெளியிலேயே நின்றுவிடும். ‘முதலில் வீக்கம் வடியட்டும்’ என்று சில சமயம் திருப்பி அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல் வெளியே வந்ததும் குழியில் இரத்தம் நிரம்புகிறது. பஞ்சுத்துணியை அரைமணி நேரம் இறுக்கிக் கடிக்கச் சொல்வது அந்த இரத்தம் உறைவதற்காக. ஃபைப்ரின் என்னும் புரத நார்கள் வலைபோலப் பின்னி, இரத்த அணுக்களைப் பிடித்து வைக்கின்றன. பார்க்க அழகில்லாத அந்தக் கருஞ்சிவப்புக் கட்டிதான் அடுத்து நடக்கும் எல்லாவற்றுக்கும் அடித்தளம். திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் அது மூடுகிறது. அதைப் பற்றிக்கொண்டு புதிய இரத்த நுண்குழாய்கள் வளர்கின்றன. ஒரு வாரத்தில் இளந்திசு, சில வாரங்களில் ஈறு, சில மாதங்களில் உள்ளே புது எலும்பு என்று குழி தன்னைத்தானே நிரப்பிக்கொள்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

கட்டி பெயர்ந்துவிட்டாலோ, உரிய காலத்துக்கு முன்பே பிளாஸ்மின் என்னும் நொதி அதைக் கரைத்துவிட்டாலோ எலும்பு வெறுமையாகிவிடும். அதுதான் ‘உலர்குழி’. உறிஞ்சும்போதும் காறித் துப்பும்போதும் வாய்க்குள் ஏற்படும் இழுவிசை கட்டியை அசைத்துவிடும் என்பதே மருத்துவர்களின் கவலை. புகைப்பவர்களுக்கு உலர்குழி கூடுதலாக வருகிறது. நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கக்கூடாது. எச்சிலை விழுங்கிவிடலாம், அது இளஞ்சிவப்பாக இருந்தால் பதற வேண்டியதில்லை. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்து, தலையைச் சாய்த்துத் தானாக வழியவிடுங்கள். இளநீரோ மோரோ, டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் வரை கூடுவது இயல்பு. வலி மட்டும் குறைந்து வந்து மூன்றாம் நாள் வாக்கில் திடீரென ஏறினால் உலர்குழியாக இருக்கலாம். மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் பல் மருத்துவரிடமே போக வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமல் போனாலோ அன்றே போங்கள்.

தம்பியை நான்காம் நாள் காலை அழைத்துப் போனேன். குழியைக் கழுவி, மருந்தில் நனைத்த சிறு துணி ஒன்றை வைத்தார்கள். அறை முழுக்கக் கிராம்பு வாசனை. அந்த மருந்தில் இருப்பது யூஜினால். பல்வலிக்குப் பாட்டி கடிக்கச் சொன்ன கிராம்பின் எண்ணெயில் இருப்பதும் அதுதான். வீடு வந்து சேர்வதற்குள் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டான்.